தண்ணீர் படக்கூடாத இடம்

வாலாஜாபாத்
12-9-2024

மாமாவுக்கு,

சங்கரி எழுதறேன். நானும் குழலியும் இங்க அம்மா வீட்டுல நல்லா இருக்கிறோம். நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கற உரிமை எனக்கு இன்னும் இருக்குதான்னு தெரியல. இருந்தாலும் கேக்கறேன்.

நேத்து உங்க பிள்ளை குழலிகிட்ட போன்ல பேசினாரு. தாத்தாவுக்கு இடது பக்கம் நெஞ்சுல மருந்து ஏத்தற டியூப் லைன் புதுசா போட்டுட்டாங்க, வீட்டுக்குக் கூட்டிக்கினு வந்துட்டோம்னு சொன்னாராம். யார் பாத்துக்கறாங்கன்னு கேக்கச் சொன்னேன். துர்கா அண்ணி செய்யாத்துலருந்து ஞாயித்துக்கிழமை தோறும் வந்து கட்டு மாத்திட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சுது.

அண்ணி என் போனை எடுக்க மாட்டாங்க. உங்க பிள்ளைகிட்ட சொன்னா ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல பாதியை மறந்துடுவாரு. அதனாலதான் இந்தக் கடுதாசி. இதை அண்ணிக்குப் படிச்சுக் காட்டுங்க. நான் எழுதினதுன்னு சொல்ல வேணாம்.

முதல்ல வளையலையெல்லாம் கழட்டிட்டு, சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவணும். அண்ணிக்கு வளையலைக் கழட்டப் பிடிக்காது, ஆனா அதுக்குள்ளதான் அழுக்கு நிக்கும். பழைய பிளாஸ்டரை ஓரத்துலருந்து டியூப் உள்ள போற இடத்தைப் பார்த்து மெதுவா உரிக்கணும். வேற பக்கமா இழுத்தா டியூபும் கூட வந்துடும். ஒட்டிக்கிச்சுன்னு கத்தரிக்கோலைக் கிட்ட கொண்டு வரவே கூடாது. டியூப் முனையில இருக்கிற மூடியை ஸ்பிரிட் பஞ்சால நல்லா அழுத்தித் தேய்ச்சு, தானா காயற வரைக்கும் காத்திருக்கணும். சீக்கிரம் காயட்டும்னு வாயால ஊதிடப் போறாங்க. சலைனை ஒரே தள்ளா தள்ளாம, கொஞ்சம் தள்ளி நிறுத்தி, மறுபடி கொஞ்சம் தள்ளணும். ஊசி இறுகி நின்னுச்சுன்னா பலம் போடாம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. எல்லாம் முடிஞ்சதும் டியூபை வளைச்சு நெஞ்சோட ஒட்டி விடணும், தூக்கத்துல புரண்டா இழுபடாது.

குளிர் எடுத்தாலோ உடம்பு சுட்டாலோ, விடிஞ்சதும் பாத்துக்கலாம்னு இருந்துடாதீங்க.

தண்ணி மட்டும் படவே கூடாது. இதை அண்ணிக்காக எழுதல, உங்களுக்காக எழுதறேன்.

இப்படிக்கு,
சங்கரி


பிள்ளையார்பாளையம்
காஞ்சிபுரம்
19-9-2024

அன்பு மருமகள் சங்கரிக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தது. நீ இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் நாம் நேருக்கு நேர் பேசியதே சொற்பம். சாப்பாடு ஆயிற்றா என்பதைக்கூட நீ குழலியை விட்டுத்தான் கேட்பாய், நானும் அவளிடம்தான் பதில் சொல்வேன். அப்படி இருக்க, உனக்கு என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நீ சொன்னபடியே துர்காவுக்குப் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் சொன்னது என்று சொன்னேன். வளையலைக் கழற்றினாள், முணுமுணுத்துக்கொண்டே. மூக்கில் ஒரு கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு, பார்வையை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டே வேலையை முடித்துவிடுகிறாள். அவளையும் சொல்லிக் குற்றமில்லை. பெற்ற அப்பனாயிற்றே என்று, மாமியாருக்குச் சமைத்துவைத்துவிட்டு பஸ் ஏறி வருகிறாள், இருட்டுவதற்குள் திரும்பியாக வேண்டும்.

கீமோ ஏறிய பிறகு நாக்கில் ஒரு ருசியும் நிற்பதில்லை. வாயில் பித்தளைச் சொம்பை வைத்த மாதிரி இருக்கிறது. நீ வைக்கும் தேங்காய்ப்பால் கஞ்சி மட்டும்தான் முன்பு இறங்கியது. துர்கா கஞ்சியில் உப்பை அள்ளிக் கொட்டுகிறாள். கையை வீசி நெய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தறியில் பாதியில் நின்ற புடவையைப் பக்கத்து வீட்டுத் தினகரன் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தான். நன்றாகவே நெய்திருக்கிறான். முத்துக்குமார் கம்பெனி கேன்டீனிலேயே சாப்பிட்டுவிடுகிறான். வீட்டுக்கு வந்தால் போனைப் பார்த்தபடி படுத்துக்கொள்கிறான்.

மனதில் கோபம் வைத்துக்கொள்ளாதே. குடும்பம் என்றால் வார்த்தை முன்பின் இருக்கத்தான் செய்யும். ஆஸ்பத்திரியில் நடந்ததை நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம். குழலியின் படிப்பும் கெடுகிறது. நல்ல நாள் பார்த்துப் புறப்பட்டு வந்துவிடு.

இப்படிக்கு,
மாமா


வாலாஜாபாத்
25-9-2024

மாமாவுக்கு,

எல்லாரும் மறந்துட்டோம்னு எழுதியிருக்கீங்க. யார் யார் மாமா? எனக்கு இன்னும் மறக்கல. அதனால நடந்ததை நடந்தபடி எழுதறேன். இதை யாருக்கும் படிச்சுக் காட்ட வேணாம்.

கையில நரம்பே கிடைக்கலன்னு உங்களுக்கு நெஞ்சுல முதல் லைன் போட்டப்போ, வீட்டுல யாராவது ஒருத்தர் கட்டு மாத்தக் கத்துக்கணும்னு சொன்னாங்க. உங்க பிள்ளைதான் முதல்ல போனாரு. டியூப் தோலுக்குள்ள போற இடத்தைப் பார்த்ததும் தலை சுத்தி வார்டுலயே உட்கார்ந்துட்டாரு. அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. மாமனார் நெஞ்சுல நான் எப்படிக் கை வெக்கறதுன்னு அழுதேன். காந்தா சிஸ்டர்தான் தனியா கூட்டிக்கினு போய், ஒரு ரப்பர் பொம்மையில காட்டிக் கொடுத்தாங்க. ரெண்டாவது தடவையே சரியா செஞ்சேன். உனக்கு நல்ல கை இருக்குதும்மான்னு சொன்னாங்க. அதுவரைக்கும் என்னை யாரும் அப்படி சொன்னதில்ல மாமா.

ஆடி அமாவாசை முடிஞ்ச வெள்ளிக்கிழமை, பிளாஸ்டரை உரிச்சேன். மேல புது பிளாஸ்டர், அடியில பழசு. உள்ள இருந்த பஞ்சு ஊறிப் போயிருந்தது. பாசி வாடை அடிச்சுது. தண்ணி பட்டுதா மாமான்னு கேட்டேன். வேர்வைம்மான்னு சொன்னீங்க. பெரியவங்க சொன்னா நம்பணும்னு நம்பினேன். நம்பலன்னுதான் சொல்லணும், ஆனா மேல கேக்க எனக்கு வாய் வரல. என்னால முடிஞ்ச மட்டும் சுத்தம் பண்ணி சலைன் ஏத்தினேன். கொஞ்ச நேரத்துல உங்களுக்குப் பல்லு கிட்டிப் போய் கட்டில் ஆடற அளவுக்கு நடுக்கம் வந்துச்சு. ஆட்டோவுல உங்களைப் பிடிச்சுக்கினு ஆஸ்பத்திரிக்கு வந்தது நான்தான்.

மறுநாள் அண்ணி வந்தாங்க. ரத்தத்துல கிருமி, லைனை எடுத்தாகணும்னு டாக்டர் சொல்லிட்டுப் போனதும், எல்லா கட்டிலுக்கும் கேக்கற மாதிரி என்னைக் கேட்டாங்க.

"அன்னிக்கு நீ தூரமா இருந்தியா இல்லியா, அதை மட்டும் சொல்லு."

எனக்குப் பொய் சொல்ல வரல. இருந்தேன்னு தலையை ஆட்டினேன். தீட்டோட தொட்டா வேற என்ன ஆகும்னு அண்ணி தலையில அடிச்சுக்கினாங்க. உங்க பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதான்னு என்னையே கேட்டாரு. காந்தா சிஸ்டர் ஊசி டிரேயோட அந்தக் கோடியில நின்னாங்க. அவங்க காதுலயும் விழுந்திருக்கும்.

நான் உங்களைப் பார்த்தேன். கண்ணைத் திறந்துக்கினுதான் இருந்தீங்க. என்னைப் பார்த்தீங்க. அப்புறம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டீங்க.

பஞ்சு ஊறியிருந்ததை நான் அங்கயே சொல்லியிருக்கலாம். உடம்பு முடியாத மனுசனை அத்தனை பேர் எதிர்ல பொய்க்காரரா ஆக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கினேன். அண்ணி பேசினதுக்கோ அவர் கேட்டதுக்கோ நான் வீட்டை விட்டு வரல. நீங்க திரும்பிப் படுத்தீங்களே, அதுக்குத்தான் வந்தேன்.

சங்கரி


பிள்ளையார்பாளையம்
காஞ்சிபுரம்
4-10-2024

அன்புள்ள சங்கரிக்கு,

நீ எழுதியது அத்தனையும் உண்மை. அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அப்படி முடித்தால் அதுவும் சுவர் பக்கம் திரும்பிப் படுப்பதுதான்.

ஆடி அமாவாசை அன்று சர்வதீர்த்தக் குளத்தில் முங்கினேன். உன் மாமியார் கிருஷ்ணம்மாள் போனதிலிருந்து ஒரு வருஷமும் விட்டதில்லை. ஆனால் அவளுக்காகத்தான் முங்கினேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. மாதக்கணக்கில் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து என் உடம்பு எனக்கே நாறியது. தெருவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் இரண்டடி தள்ளியே நின்றேன். சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் கோயிலுக்குப் போவதை விட்டேன். கேட்டவர்களிடம் முட்டி வலி என்றேன். அன்று விடியற்காலையில் குளத்தில் கூட்டம் சேர்வதற்கு முன்னால், துண்டால் நெஞ்சை மூடிக்கொண்டு இறங்கி, கண்ணை மூடி முங்கினேன். எழுந்தபோது வியாதி இல்லாத ஆள் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து நனைந்த பிளாஸ்டர் மேலேயே புதிதாக ஒன்றை ஒட்டினேன். நீ பார்த்துவிடுவாய் என்று தெரியும். தெரிந்தேதான் ஒட்டினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ என் நெஞ்சு முடியை மழித்த அன்று நான் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மாமியாருக்குப் பிறகு எந்தப் பெண்ணின் கையும் என் மேல் பட்டதில்லை. மூச்சுப் படக் கூடாது என்று நீ மாஸ்க் போட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அது சுத்தத்துக்காக என்று காந்தா சிஸ்டர் என் எதிரில்தான் சொன்னார். ஆனாலும் உனக்கு என்னைக் கண்டால் அருவருப்பு என்றே நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. நன்றி சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

வார்டில் துர்கா அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு நினைவு நன்றாகவே இருந்தது. நான் வாயைத் திறந்தால் குளித்ததைச் சொல்ல வேண்டும், உன்னிடம் வேர்வை என்றது பொய் என்று ஆகும், பெற்ற பெண்ணும் பிள்ளையும் என்னைப் பார்ப்பார்கள். நீ பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் திரும்பிப் படுத்தேன்.

நேற்று முத்துக்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "சரிப்பா, ஆனது ஆயிடுச்சு. அக்காகிட்ட சொல்லாத, மனசு கஷ்டப்படும்," என்றான். பிறகு ரசம் கேட்டான். நானும் ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை வந்து உன்னை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

மன்னிப்புக் கேட்கும் வயதில் நான் இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது கேட்கிறேன்.

இப்படிக்கு,
மாமா


வாலாஜாபாத்
10-10-2024

மாமாவுக்கு,

உங்க பிள்ளை ஞாயித்துக்கிழமை வந்தாரு. வாசல்லயே நின்னு, அப்பா சொன்னாரு, வா போகலாம்னு சொன்னாரு. உள்ள கூப்பிட்டு சாப்பாடு போட்டேன். குழலி அவர் மடியை விட்டு இறங்கல. இப்ப வரலன்னு சொன்னேன். ஏன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காம செருப்பைப் போட்டுக்கினு போயிட்டாரு.

நீங்க எழுதினதை என் அம்மாவுக்குக் கூட காட்டல. படிச்சு அழுதேன். மனசு கொஞ்சம் ஆறிச்சு. ஆனா எனக்குள்ள ஒண்ணு நடந்துடுச்சு மாமா, அதைச் சொல்லிடறேன்.

பஞ்சு ஊறியிருந்ததை என் கண்ணால பார்த்தேன். தண்ணிதான் காரணம்னு எனக்குத் தெரியும். அப்படியிருந்தும், ஒருவேளை நான் தொட்டதாலயும் இருக்குமோன்னு இப்ப எனக்கே சந்தேகம் வருது. அந்த மூணு நாளும் சொல்லிட்டு ஒதுங்கியிருக்கணுமோ? சொல்லியிருந்தா உங்களுக்கு யார் கட்டு மாத்தியிருப்பாங்க? இப்படியே மாத்தி மாத்தி யோசிக்கறேன். மாசா மாசம் அந்த நாள் வரும்போது குழலிக்குச் சோறு பிசையற என் கையையே பார்த்துக்கினு இருக்கறேன். அவங்க சொன்னதை நான் நம்பல, ஆனா என் கை நம்பிடுச்சு.

ஜூலை மாசம் காந்தா சிஸ்டர் என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. வீட்டுல நோயாளிங்களைப் பாத்துக்கறவங்களுக்கு அவங்க ஆஸ்பத்திரியிலயே ஒரு பயிற்சி ஆரம்பிக்கப் போறாங்களாம். பத்தாவது படிச்சிருந்தா போதும், உன் பேரைக் கொடுக்கட்டுமான்னு கேட்டாங்க. உங்க பிள்ளைகிட்ட எப்ப சொல்றதுன்னு நாள் பார்த்துக்கினு இருந்தேன். அதுக்குள்ள இதெல்லாம் ஆயிடுச்சு. இனி அந்த சிஸ்டர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அவங்க வாயிலருந்து வந்தது. அவங்க எதிர்லதான் என் மானமும் போச்சு.

எழுதறது சுலபம் மாமா. நானும் எழுதறேன், நீங்களும் எழுதறீங்க, தபால்காரருக்குத்தான் அலைச்சல். உங்களை எதுவும் செய்யச் சொல்லி இதை எழுதல. என்ன போச்சுன்னு உங்களுக்குத் தெரியட்டும்னுதான்.

சங்கரி


வாலாஜாபாத்
26-10-2024

மாமாவுக்கு,

போன கடுதாசிக்குப் பதில் இல்ல. பதில் வேணும்னு கேக்கல. ரெண்டு நாளா இங்க மழை, அங்கயும் இருக்கும். உடம்பு எதாவது சுடுதா? டியூப் போற இடத்துல சிவப்பு இருக்குதா? அழுத்தினா வலிக்குதா? உங்க பிள்ளைகிட்ட கேட்டா எல்லாத்துக்கும் ம்ம்னு சொல்றாரு.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும்னு உங்களுக்குத் தோணும். தோணுச்சுன்னா குளத்துக்குப் போயிடாதீங்க. நெஞ்சு மேல பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி, கழுத்தைச் சுத்தி கெட்டியா துண்டு கட்டிக்கினு, நாற்காலியில உட்கார்ந்து தலையை முன்னால நல்லாக் குனிஞ்சுக்கணும். உங்க பிள்ளையை மெதுவா ஊத்தச் சொல்லுங்க. அவர் அந்த இடத்தைப் பார்க்க வேணாம், தலையை மட்டும் பார்த்தா போதும்.

நல்லா இருக்கேன்னு ஒரு கார்டு போடுங்க.

சங்கரி


பிள்ளையார்பாளையம்
காஞ்சிபுரம்
7-11-2024

அன்புள்ள சங்கரிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை. பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுதுவது சுலபம் என்று நீ சொன்னதுதான். எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் செய்யத் துணிவு வருவதற்கு இத்தனை நாள் ஆகிவிட்டது.

தீபாவளிக்கு நீ சொன்னபடியே முத்துக்குமார் என் தலைக்கு ஊற்றினான். நெஞ்சைப் பார்க்காமல்தான் ஊற்ற ஆரம்பித்தான். ஊற்றி முடித்த பிறகு துண்டை அவிழ்த்து, பிளாஸ்டர் காய்ந்திருக்கிறதா என்று அவனே தொட்டுப் பார்த்தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குக் கீமோ முறை. துர்காவும் கூட வந்தாள். வரிசையாக நாற்காலி போட்ட அந்தப் பெரிய ஹாலில் எல்லோருக்கும் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. காந்தா சிஸ்டர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, கட்டைப் பார்த்து, வீட்டில் யார் மாற்றுவது என்று கேட்டார். நான்தான் என்றாள் துர்கா. அப்போது நான் பேசினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஃபேன் ஓடுதுங்க ஐயா, சத்தமா சொல்லுங்க என்றார் சிஸ்டர். அதனால் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

"போன தடவை வந்த காய்ச்சல் என் மருமக கையால வந்ததில்லைங்க. நான் குளத்துல முங்கினேன். தண்ணி பட்டுதான்னு அவ கேட்டப்போ இல்லைன்னு பொய் சொன்னேன். அவளை எல்லாரும் பேசினப்போ படுத்துக்கினு கேட்டுக்கினு இருந்தேன்."

பக்கத்து நாற்காலிக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் உன் சந்தேகத்துக்குப் பதில் கேட்டாக வேண்டும். பெண்கள் தூரமாக இருக்கும்போது தொட்டால் இப்படி வருமா என்று கேட்டேன். அந்த வார்த்தையை நான் பிறந்ததிலிருந்து வாயால் சொன்னதில்லை. யாரோ ஒரு அம்மாள் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க. நாங்க அத்தனை பேரும் மாசா மாசம் மூணு நாள் தள்ளி உட்கார்ந்துட்டா, இந்த வார்டுல உங்களுக்கெல்லாம் மருந்து ஏத்தறது யாரு?"

பிறகு துர்காவைப் பார்த்து, உங்க தம்பி சம்சாரம் வேலை ரொம்ப சுத்தம்மா, அன்னைக்கே சொல்லணும்னு நினைச்சேன், அதுக்குள்ள போயிட்டாங்க என்றார்.

துர்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மருந்து ஏறி முடிந்து நான் வந்தபோது மரத்தடியில் நின்றிருந்தாள். அழுதிருக்கிறாள். எல்லார் முன்னாடியும் என்னை ஏன்ப்பா இப்படிப் பண்ணினே என்று கேட்டாள். அவளையும் எல்லார் முன்னாடியும்தானேம்மா கேட்டே என்றேன். செய்யாறு பஸ் ஏறிவிட்டாள். இனி வருவாளா தெரியவில்லை.

அவள் மேல் கோபப்படாதே. உன் மாமியார் அந்த நாட்களில் பின்கட்டில் தனித் தட்டோடு உட்கார்ந்திருப்பாள். மழை பெய்தாலும் அங்கேதான். உள்ளே வா என்று ஒரு தடவையும் நான் கூப்பிட்டதில்லை. துர்கா அதைப் பார்த்து வளர்ந்த பெண். அவள் வாயில் வந்தது இந்த வீட்டில் கற்றதுதான். இதை நினைத்தால் குளத்தில் முங்கியது சின்ன விஷயமாகத் தெரிகிறது.

இனி வாராவாரம் நானே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் கட்டு மாற்றிக்கொள்வதாக இருக்கிறேன். அங்கே திரை கிடையாது, வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள். வெட்கம் விட்டுப் போய்விட்டது என்று எழுத மாட்டேன். வெட்கத்தோடு உட்கார்ந்திருக்கப் பழகிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

உன்னைக் கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. எனக்காக வராதே. நீயும் முத்துக்குமாரும் பேச வேண்டியது உங்கள் இருவருக்குள். குழலிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
மாமா


வாலாஜாபாத்
17-11-2024

மாமாவுக்கு,

உங்க கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே காந்தா சிஸ்டர் போன் பண்ணிட்டாங்க. என்ன நடந்துச்சுன்னு அவங்க சுருக்கமாதான் சொன்னாங்க. நீங்க எழுதினதைப் படிச்சப்போதான் முழுசா தெரிஞ்சுது. அந்த ஹால்ல நீங்க அதைக் கேட்டீங்கன்னு என்னால நினைச்சுப் பார்க்கவே முடியல. கோபம் எல்லாம் போயிடுச்சுன்னு சொன்னா அது பொய். ஆனா நேத்து குழலிக்குத் தலை வாரி விடறப்போ என் கையை நான் பார்க்கல. முடிச்ச பிறகுதான் அது நினைவுக்கே வந்துச்சு.

உங்க பிள்ளை போன வாரம் மறுபடி வந்தாரு. இந்தத் தடவை உள்ள வந்து உட்கார்ந்தாரு. ஏன் வரலன்னு கேட்டாரு. சொன்னேன். அன்னிக்கு நான் உன் பக்கத்துல நின்னிருக்கணும்னு சொன்னாரு. வீட்டுக்கு எப்ப வர்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல, பேசிக்கினு இருக்கோம். அதைப் பத்தி நீங்க கவலைப்பட வேணாம், அவசரமும் படுத்த வேணாம்.

பயிற்சிக்கு என் பேரைக் கொடுத்துட்டேன். நாளைக்கு ஆரம்பிக்குது. காலையில இங்கருந்து ரயில் ஏறினா சரியா போய்ச் சேர்ந்துடலாம். குழலியை அம்மா ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்க.

இப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அடுத்த வாரத்துலருந்து சிஸ்டர் பக்கத்துல நின்னு பார்த்துக்க, நாங்களே கட்டு மாத்தணும். மருந்து, சலைன் எல்லாம் அவங்கதான், எங்களுக்குக் கட்டு மட்டும். பழகறவங்க கை படறதுக்கு எல்லா நோயாளிங்களும் ஒத்துக்க மாட்டாங்க. சம்மதிக்கிறவங்க யாராவது தெரிஞ்சா சொல்லுங்கன்னு சிஸ்டர் கேட்டாங்க. எனக்கு உங்க நினைவுதான் வந்துச்சு. கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

அங்க ஒரு சட்டம் இருக்குது. தொடறதுக்கு முன்னாடி நோயாளியோட பேரைச் சொல்லிக் கேட்டு, அவங்க ஆமான்னு சொன்னப்புறம்தான் செய்யணும். மாமான்னு எல்லாம் கூப்பிட முடியாது. கல்யாணம் ஆனதுலருந்து உங்க பேரை நான் வாயால சொன்னதில்ல. அங்க, எல்லார் எதிர்லயும் சொல்லியாகணும். அது உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேணாம்னு எழுதிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். வேற யாரையாவது பாத்துப்பாங்க.

இதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் வேற. நான்தான் செய்யணும்னு வீட்டுல சொன்னாங்க, செஞ்சேன். உங்களுக்கும் வேற வழியில்ல, சட்டையைக் கழட்டிக்கினு உட்கார்ந்தீங்க. நான் உங்களைக் கேட்டதே இல்ல. இப்ப கேக்கறேன்.

சங்கரி


காஞ்சிபுரம்
20-11-2024

சங்கரிக்கு,

சம்மதம். செவ்வாய்க்கிழமை வருகிறேன். பெயரைச் சொல்லியே கேள், பதில் சொல்கிறேன்.

காசிநாதன்